பழைய காரில் பவர் ஆன்டெனா பொருத்துவது எப்படி: துளையிடும் முன் முடிக்க வேண்டியவையும் பின் செய்ய வேண்டியவையும்

ரேடியோவைப் போட்டதும் தானாக மேலெழும்பி, அணைத்ததும் மட்கார்டுக்குள் இறங்கி மறைந்துகொள்ளும் ஆன்டெனாவைத்தான் பவர் ஆன்டெனா என்கிறோம். பழைய கார்களில் பெரும்பாலும் நிலையான கம்பியோ, கையால் இழுத்து நீட்டும் கம்பியோதான் இருக்கும். அது வளைகிறது, மரக்கிளையில் மாட்டி ஒடிகிறது, காரை மூடும் உறையைக் கிழிக்கிறது. அந்த இடத்தில் மோட்டார் வைத்த ஆன்டெனாவைப் பொருத்துவது, கருவிகளைக் கையாளத் தெரிந்த யாரும் ஒரு முழுப் பகலில் முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் இந்த வேலையில் ஒரே ஒரு செயல் திரும்பப் பெற முடியாதது: மட்கார்டில் போடும் துளை. வயரைத் தவறாக இணைத்தால் கழற்றி மாற்றலாம்; துளையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டால் தகரம் ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். ஆகவே துளையிடும் முன் செய்து முடிக்கக்கூடிய எதையும் துளைக்குப் பின் தள்ளிப்போடாமல் இருப்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

உள்ளே என்ன நடக்கிறது

பெட்டிக்குள் ஒரு சிறிய மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள், ஒரு சுருள் உருளை ஆகியவை இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாலான ஆன்டெனாக் கம்பியின் நுனித் துண்டோடு, பக்கவாட்டில் பல் வெட்டிய நைலான் கயிறு ஒன்று பிணைக்கப்பட்டிருக்கும். மோட்டார் சுழலும்போது பல்சக்கரம் அந்தக் கயிற்றைத் தள்ளுகிறது; கயிறு கம்பியை மேலே உயர்த்துகிறது. மறுபக்கம் சுழன்றால் கயிறு உருளையில் சுருண்டு கம்பியைக் கீழே இழுக்கிறது. கம்பி எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்துவதற்குச் சில வகைகளில் எல்லைச் சுவிட்ச் உண்டு. வேறு சிலவற்றில் வழுக்கும் கிளட்சும், சில விநாடிகளுக்குப் பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் நேரச் சுற்றும் உண்டு. பெட்டியின் அடியில் தண்ணீர் வெளியேற ஒரு முனையும், பக்கத்தில் ரேடியோவுக்குச் செல்லும் கேபிளும் இருக்கும்.

புதியவர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. முழுத் தானியங்கி வகையில் ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கட்டுப்பாட்டுச் சுற்றும் உள்ளேயே இருப்பதால் மூன்று வயர்கள் வரும்: எப்போதும் மின்சாரம் உள்ள வயர், ரேடியோ போட்டதும் ‘மேலே போ’ என்று சொல்லும் கட்டளை வயர், காரின் பாடியோடு சேரும் எர்த் வயர். மற்றொரு வகையில் மோட்டாரின் இரண்டு வயர்கள் மட்டும் வெளியே வரும். அதை டேஷ்போர்டில் வைக்கும் மேல்-கீழ் சுவிட்ச் ஒன்றால் இயக்க வேண்டும். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அசல் ரேடியோவையே வைத்திருக்க விரும்புவோருக்கு இரண்டாவது வகையே பெரும்பாலும் எளிது என்பது என் கருத்து; காரணத்தை வயரிங் பகுதியில் சொல்கிறேன்.

முதலில் காரின் மின்னமைப்பைப் பாருங்கள்

இன்று கிடைக்கும் பவர் ஆன்டெனாக்கள் ஏறக்குறைய எல்லாமே 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் அமைப்புக்கானவை. உங்கள் கார் மிகப் பழையதானால் இந்த இரண்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பல அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்டில் ஓடின. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1960களின் பிற்பாதியில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது. பிரிட்டிஷ் கார்களில் பல 1960களின் பிற்பகுதி வரை பாசிட்டிவ் எர்த் கொண்டவை. அவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையில் தொடங்குகிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். பாசிட்டிவ் எர்த் காரில் நெகட்டிவ் எர்த்துக்கான தானியங்கி ஆன்டெனாவை இணைத்தால் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று எரிந்துபோகும். அங்கே சுவிட்சால் இயங்கும் இரண்டு வயர் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் மோட்டாரின் உறை மின்னிணைப்பில் சேராதது என்பதை மட்டும் மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இடம் தேர்வு

பழைய ஆன்டெனாவின் துளை இருக்கும் இடமே முதல் தேர்வு. புதிய ஓட்டை போடத் தேவையில்லை. கேபிள் செல்லும் பாதையும் தயாராக இருக்கும். ஆனால் அங்கே மோட்டார் பெட்டி அமருமா என்பது வேறு கேள்வி. நிலைக் கம்பிக்கு மட்கார்டின் அடியில் ஒரு சாண் ஆழம் போதும். பவர் ஆன்டெனாவின் கீழ்க்குழாய், மடக்கிய கம்பியின் முழு நீளத்தையும் தாங்க வேண்டியிருப்பதால் அதைவிட நன்றாக நீண்டிருக்கும், மோட்டாரும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும்.

அளப்பதற்கு நல்ல வழி, கெட்டி அட்டையில் ஆன்டெனாவின் பக்கவாட்டு உருவத்தை உண்மை அளவில் வெட்டி, அதை மட்கார்டுக்கு அடியில் பிடித்துப் பார்ப்பதுதான். சக்கரத்தைக் கழற்றி, காரை ஜாக்கில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திய பிறகே உள்ளே கையை விடுங்கள். அட்டையைப் பிடித்தபடி, ஸ்டியரிங்கை இரு புறமும் முழுமையாகத் திருப்பினால் டயர் எங்கே வரும், பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கிச் சக்கரம் எவ்வளவு மேலே ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பிறகு பானட்டைத் திறந்து அதன் கீல் கம்பியில் இடிக்கிறதா, முன்கதவை முழுமையாகத் திறந்தால் அதன் விளிம்பு மோட்டாரைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். மட்கார்டின் மேல்தகரத்துக்கு அடியில் பல கார்களில் இரண்டாவது தகரமோ வலுவூட்டும் பட்டையோ இருக்கும். விரலால் தடவிப் பார்த்தால்தான் அது தெரியும்.

பின் மட்கார்டில் வைப்பதும் வழக்கம்தான். டிக்கிக்குள் இடம் தாராளமாக இருக்கும், சேறும் தண்ணீரும் குறைவு. ஆனால் கேபிள் காரின் நீளம் முழுவதும் முன்னே வர வேண்டும். மேலும் பெட்ரோல் ஊற்றும் குழாய் எந்தப் பக்கம் செல்கிறதோ அந்தப் பக்கம் துளையிடவே கூடாது. ஃபைபர் பாடி கொண்ட கார்களில் ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தளம் இல்லை என்பதால், உள்புறம் ஓர் உலோகத் தகட்டை வைத்து அதைச் சேஸியோடு இணைக்க வேண்டியிருக்கும்.

மேசையின் மேல் ஓர் ஒத்திகை

காரில் பொருத்தும் முன் ஆன்டெனாவை மேசையின் மேல் இயக்கிப் பாருங்கள். உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, கட்டளை வயரைப் பாசிட்டிவில் தொடுங்கள். கம்பி சீராக ஏறி நிற்க வேண்டும். தொடுப்பை எடுத்ததும் இறங்கி நிற்க வேண்டும். வயரின் நிறத்தை வைத்து எது எதென்று ஊகிக்காமல், பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள். நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகின்றன. ஏறும் கம்பியைக் கையால் தடுக்க வேண்டாம், முதல் நாளே பல் உடைந்துவிடும்.

கம்பி முழுதாக ஏறி நிற்கும்போது மல்டிமீட்டரால் இரண்டு அளவுகள் எடுங்கள். ரேடியோ பிளக்கின் நடு ஊசிக்கும் கம்பியின் நுனிக்கும் இடையே தடை ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். நடு ஊசிக்கும் பிளக்கின் வெளி உறைக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. பழைய ஆன்டெனாவைக் கழற்றி வாங்கிப் பொருத்துவோர் இந்தச் சோதனையைத் தவறவே விடக்கூடாது; பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்த பெட்டியில் இந்த இரண்டாவது அளவுதான் முதலில் கெடுகிறது.

துளையிடுதல்

பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள். ரேடியோவுக்குப் பாதுகாப்புக் குறியீட்டு எண் உண்டென்றால், அது உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். மட்கார்டின் மேல், துளை வரும் இடத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். டேப் ஒட்டுவது பெயின்ட் கீறாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. பென்சிலால் குறியிடவும், டிரில் வழுக்காமல் இருக்கவும் அது உதவும். குறியிட்ட பின் சற்றுத் தள்ளி நின்று, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இரு விரல் அகலம் தள்ளியிருந்தால்கூடக் கம்பி கோணலாக நிற்பது போலத் தோன்றும்.

சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடித்து, 3 மில்லிமீட்டர் பிட்டால் முதல் துளை போடுங்கள். அந்தச் சிறு துளை வழியாக ஒரு கம்பியை விட்டு, அடியில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். மனம் மாற இதுவே கடைசி வாய்ப்பு. 3 மில்லிமீட்டர் துளையை மூடுவது எளிது. சரியென்று தோன்றினால், படிப்படியாக விரியும் கூம்பு பிட்டால் தேவையான அளவுக்குப் பெரிதாக்குங்கள். அந்த அளவு ஆன்டெனாவின் கழுத்தைப் பொறுத்தது. கழுத்தைக் காலிப்பரால் அளந்து, அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியுங்கள், பறக்கும் தகரத் துகள்கள் பெயின்டில் தங்கினால் ஒரே மழையில் துருப்புள்ளிகளாகிவிடும் என்பதால் அவற்றை வேக்குவத்தால் உறிஞ்சி எடுங்கள், துணியால் தேய்க்காதீர்கள்.

துளையின் விளிம்பில் உள்ள பிசிறை வட்ட அரத்தால் நீக்கி, வெட்டிய விளிம்பில் துருத் தடுப்பு ப்ரைமரைத் தடவி உலரவிடுங்கள். காரின் ஆயுளைக் காப்பது இந்தப் பத்து நிமிடம்தான்.

எர்த்: உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்

ரேடியோ இரைச்சலோடு பாடுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. ஆன்டெனாவின் கழுத்துக்கு அடியில், மட்கார்டின் உள்பக்கத்தைக் கவ்விப்பிடிக்கும் பல் வைத்த வளையம் ஒன்று இருக்கும். அந்தப் பற்கள் பெயின்டையும் அடிப்பூச்சையும் துளைத்து வெறும் தகரத்தைத் தொட்டால்தான் ஆன்டெனாவின் வெளி உறை பாடியோடு சேரும். பழைய காரின் அடியில் பல அடுக்குத் தார்ப்பூச்சு இருக்கும். பற்கள் அதில் புதைந்து நின்றுவிடும், தகரத்தை எட்டாது. ஆகவே துளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு உள்பக்கத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரிய வையுங்கள். அந்த வட்டத்தில் மட்டும் ப்ரைமர் வேண்டாம். பொருத்தி இறுக்கிய பின், வெளிப்பக்கமாகக் கிரீஸோ மெழுகுப் பூச்சோ பூசி ஈரத்தைத் தடுங்கள்.

மேல்பக்கத்தில் வளைந்த மட்கார்டுக்கு ஏற்றபடி சாய்த்துக்கொள்ள உதவும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அடித்தட்டு வரும். அதைச் சுழற்றி, கம்பி செங்குத்தாகவோ முன்கண்ணாடித் தூணின் சாய்வுக்கு ஒத்தோ நிற்கும்படி வைத்து, நட்டைப் பாதி இறுக்குங்கள். பிறகு அடியில் இருந்து தாங்கு பட்டையைப் பொருத்துங்கள். இந்தப் பட்டை இல்லாமலும் ஆன்டெனா நிற்கும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நிற்கும்தான், ஆனால் கீழே தொங்கும் மோட்டாரின் எடை ஒவ்வொரு குலுக்கலிலும் மட்கார்டுத் தகரத்தை முறுக்கி, சில ஆண்டுகளில் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் ஓட வைக்கும். பட்டையை உள்மட்கார்டில் போல்ட் போட்டுப் பிடித்த பின்னரே மேல் நட்டை முழுமையாக இறுக்குங்கள். இறுக்கியதும் ஆன்டெனாவின் கழுத்துக்கும் பேட்டரியின் எர்த் முனை சேரும் பாடிப் பகுதிக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள். ஓர் ஓம்முக்கும் குறைவாக வர வேண்டும்.

தண்ணீர் வெளியேறும் வழி

கம்பி நனைந்தபடியே உள்ளே இறங்குவதால், எந்தப் பவர் ஆன்டெனாவுக்குள்ளும் தண்ணீர் போகத்தான் செய்யும். அதைத் தடுப்பதைவிட வெளியேற்றுவதே வழி. அடியில் உள்ள முனையில் ரப்பர் குழாயை மாட்டி, மடிப்போ மேடோ இல்லாமல் நேராகக் கீழே இறக்கி, காருக்கு வெளியே திறந்த இடத்தில் விடுங்கள். நான் கழற்றிப் பார்த்த ஓர் ஆன்டெனாவில், குழாய் மோட்டாரைச் சுற்றி வளைந்து மேலேறி, மீண்டும் கீழிறங்கியிருந்தது. அந்த வளைவில் சேறு அடைத்து, பெட்டிக்குள் பாதி அளவு தண்ணீர் நின்று, பல்சக்கரத்தின் கிரீஸ் வெண்ணெய் போல வெளுத்துப்போயிருந்தது. மோட்டார் சுருளில் பச்சைக் களிம்பு. பொருத்தியதும் கம்பியின் வாயில் ஒரு சிறு கரண்டி தண்ணீர் விட்டு, அது கீழே சொட்டுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கேபிளும் அதன் பாதையும்

ஆன்டெனாக் கேபிள் வீட்டுத் தொலைக்காட்சிக் கேபிள் போலத் தோன்றினாலும் அதுவல்ல. காருக்கான கேபிள், குறைந்த மின்தேக்கம் உள்ளதாகத் தனியாகச் செய்யப்படுவது. நீளம் போதவில்லையென்று வேறு கேபிளை வெட்டி ஒட்டினால் எஃப்எம் ஓரளவு கேட்கும், நடுஅலை (ஏஎம்) மங்கிவிடும். கார் ரேடியோவுக்கென்றே விற்கும் நீட்டிப்புக் கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள்.

மட்கார்டிலிருந்து காருக்குள் நுழையும் இடத்தில், கதவுத் தூணிலோ ஃபயர்வாலிலோ (இன்ஜின் பகுதிக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) ஏற்கெனவே உள்ள துளையைத் தேடுங்கள். எந்தத் துளையாயினும் ரப்பர் வளையம் போடாமல் கேபிளை விடக்கூடாது. நுழையும் முன் கேபிளை ஒரு சிறு தொய்வாகக் கீழே இறக்கி மேலேற்றினால், அதன் மேல் வழியும் மழைநீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும், காருக்குள் வராது. வைப்பர் கம்பிகள், ஹீட்டர் மோட்டார், இக்னிஷன் வயர்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

வயரிங்

நிலையான மின்சார வயரைப் பேட்டரியிலிருந்தோ, ஃபியூஸ் பெட்டியில் சாவி இல்லாமலும் உயிரோடிருக்கும் முனையிலிருந்தோ எடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதுமானது. ஆன்டெனாவோடு வந்த தாளில் சொன்ன ஃபியூஸை, மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள். ஆன்டெனாவின் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது.

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இங்கேதான். நிலையான மின்சாரத்துக்குப் பதில், சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரத்தை இணைத்துவிடுகிறார்கள். ரேடியோ போட்டால் கம்பி ஏறும், எல்லாம் சரியென்று தோன்றும். சாவியை எடுத்ததும் கம்பி மேலேயே நின்றுவிடும். ஏனென்றால் இறங்குவதற்கும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும்.

கட்டளை வயருக்கு, பிற்காலத்தில் பொருத்தும் ரேடியோக்களில் பெரும்பாலும் நீல வயர் இருக்கும். நீலமும் வெள்ளையும் கலந்த வயர் ஆம்பிளிஃபயருக்கானது. ரேடியோப் பெட்டி இயங்கும் நேரமெல்லாம் அதில் மின்சாரம் இருக்கும். முழு நீல வயரில், சில ரேடியோக்களில் வானொலி கேட்கும்போது மட்டுமே மின்சாரம் வரும். அதை இணைத்தால் குறுந்தட்டு கேட்கும்போது கம்பி இறங்கிக்கொள்ளும். ஐரோப்பிய வகைச் செருகியாக இருந்தால், ஏ பகுதியின் 5ஆம் ஊசி ஆன்டெனாவுக்கானது. இந்த வயர்கள் பொதுவாக 300 மில்லி ஆம்பியர் அளவுக்கே தாங்கும். அவற்றால் மோட்டாரை நேரடியாக ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஆன்டெனாவின் கட்டளை வயர் அதற்கு மேல் இழுத்தால், நடுவில் ஒரு ரிலே வையுங்கள். அதன் முனைகளில் எண்கள் இருக்கும்: 86இல் நீல வயர், 85இல் எர்த், 30இல் ஃபியூஸ் வழி வரும் நிலையான மின்சாரம், 87இலிருந்து ஆன்டெனாவின் கட்டளை வயர்.

கட்டளை வயரை ரேடியோவில் அல்லாமல் சாவியின் முனையில் இணைப்பது எளிதுதான், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ரேடியோ கேட்காத பயணத்திலும் கம்பி ஏறி நிற்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அந்த முனையில் மின்சாரம் நொடிநேரம் அறுவதால் கம்பி இறங்கத் தொடங்கி மறுபடி ஏறும். நைலான் பற்கள் விரைவில் தேய்வதற்கு இது ஒரு காரணம்.

அசல் பழைய ரேடியோவில் நீல வயர் கிடையாது. அதன் குமிழ்ச் சுவிட்சுக்குப் பிந்தைய முனையிலிருந்து மின்சாரம் எடுக்க, பெட்டியைத் திறந்து சால்டர் செய்ய வேண்டும். அளவுக்காட்டியின் சிறு விளக்கு வயரிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். பல கார்களில் அந்த விளக்கு டேஷ்போர்டு விளக்குகளோடு சேர்ந்திருப்பதால், இரவில் மட்டுமே கம்பி ஏறும். இதனால்தான் அசல் ரேடியோவுக்கு மேல்-கீழ் சுவிட்சைச் சொன்னேன். அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் இயங்கி, விட்டதும் நடுவுக்குத் திரும்பும் ஆறு முனைச் சுவிட்சை வாங்குங்கள். நடு முனைகள் இரண்டும் மோட்டாருக்கு. ஒரு கோடியின் முனைகளில் பாசிட்டிவும் நெகட்டிவும். அங்கிருந்து மறுகோடிக்குக் குறுக்காக மாற்றி இரண்டு சிறு வயர்கள். ஒரு பக்கம் அழுத்தினால் ஏறும், மறுபக்கம் அழுத்தினால் இறங்கும், எல்லையைத் தொட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும்.

இயக்கிப் பார்த்தல்

சக்கரத்தை மாட்டும் முன்பே பேட்டரியை இணைத்து ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒரு தொலைதூர நிலையத்தைப் பிடித்துக் கேளுங்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் படபடப்புச் சத்தம் வந்தால், முதலில் கழுத்தின் எர்த்தையே மறுபடி பாருங்கள்.

நடுஅலை உள்ள பழைய ரேடியோவானால், ஒரு கடைசி வேலை இருக்கிறது. ஆன்டெனா மாறியதும் ரேடியோவின் உள்ளீட்டுச் சுற்றையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஆன்டெனாச் செருகியின் அருகிலோ பக்கவாட்டிலோ ட்ரிம்மர் என்ற சிறு திருகு இருக்கும். கம்பியை முழுமையாக ஏற்றி, 1400 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்து, ஒலி மிக உரக்கக் கேட்கும் இடத்தில் திருகை நிறுத்துங்கள். எஃப்எம்முக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 75 சென்டிமீட்டர்தான் என்பதால், கம்பி கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் எஃப்எம் நன்றாகவே கேட்கும். நடுஅலைக்குத்தான் முழு உயரமும் வேண்டும்.

பராமரிப்பும் கம்பி மாற்றுதலும்

மாதம் ஒருமுறை கம்பியை ஏற்றி, மெல்லிய துணியில் லேசான எண்ணெய் தொட்டு, மேலிருந்து கீழாகத் துடைத்து, அதே துணியின் உலர்ந்த பக்கத்தால் ஒற்றி எடுங்கள். கிரீஸ் பூசினால் தூசு ஒட்டி, உப்புத்தாள் போலத் தேய்க்கும். கார் கழுவும் கூடத்தில் நுழையும் முன் ரேடியோவை அணைத்து, கம்பி இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பின் உள்ளே செல்லுங்கள்.

கம்பி அசையாமல் மோட்டார் மட்டும் சில விநாடிகள் ஓடி நிற்கிறதென்றால், நைலான் கயிறு அறுந்திருக்கிறது. பெட்டியைக் கழற்றாமலேயே புதிய கம்பியைப் பல வகைகளில் மாற்றலாம். மேல் நட்டைத் திருகி எடுத்து, ஒருவர் ரேடியோவைப் போட, மற்றவர் மேலெழும் கம்பியைப் பிடித்து இழுக்க, கயிறு முழுவதும் வெளியே வந்துவிடும். அறுந்த துண்டு உள்ளேயே தங்கிவிட்டால், பெட்டியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். புதிய கயிற்றின் பற்கள் பல்சக்கரத்தைப் பார்த்திருக்கும்படி குழாய்க்குள் விட்டு, லேசாகத் தடுக்கும் இடம் வரை தள்ளுங்கள். இப்போது ரேடியோவை அணைக்கச் சொன்னால் பல்சக்கரம் கயிற்றைக் கவ்வி உள்ளே இழுக்கும். விரலில் அந்த இழுப்பு நன்றாகத் தெரியும். இழுக்காமல் கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால், கயிற்றைக் கால் சுற்று திருப்பி மறுபடி முயலுங்கள். கம்பி முழுமையாக இறங்கியதும் நட்டைக் கையால் பூட்டி, இரண்டு முறை ஏற்றி இறக்கிய பின் ஸ்பேனரால் இறுக்குங்கள்.